நீலகிரியின் சிறு அரசுப் பள்ளிகள்: பணம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது, எந்த மாதத்தில் கேட்க வேண்டும்?

குந்தா மலை (இழையைத் தொடங்கியவர்)

மஞ்சூர், எமரால்டு பக்கம் இருபது பிள்ளைகளுக்குள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. "அரசு கவனிக்கவில்லை" என்று பொத்தாம்பொதுவாக மனு எழுதினால் எந்த அலுவலகமும் அசையாது. ஒரே பள்ளியின் பொறுப்பு நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

ஆசிரியர் சம்பளம் தொடக்கக் கல்வித் துறையிலிருந்து வருகிறது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். கட்டடம் மட்டும் இன்றைக்கும் ஒன்றியத்தின் சொத்து. அதன் பராமரிப்பு ஊரக வளர்ச்சித் துறையிடம். காலை உணவும் மதிய உணவும் சமூக நலத் துறை. பள்ளி மானியமும் பயிற்சியும் சமக்ர சிக்‌ஷா. அது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டம். செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம். அதே ஊர்ப் பழங்குடிப் பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனால் அது பழங்குடியினர் நலத் துறை.

என் வாதம் ஒன்றுதான். பணம் தலைக்கணக்கில் வருகிறது, செலவு சரிவையும் மழையையும் பொறுத்து ஆகிறது. ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தைப் பாருங்கள். 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும். 18 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு மீதி 9,000. சாக்பீஸ், பதிவேடு, பூட்டு, குழாய், உடைந்த கண்ணாடி எல்லாமே அதற்குள். இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்குக்கும் 90:10 பங்கீடு உண்டு. அந்த விகிதம் மாநிலத்தை வைத்துத்தான், நிலத்தை வைத்து அல்ல. அதனால் மலை மேலிருக்கும் அவலாஞ்சிக்கும் சமவெளித் தஞ்சாவூருக்கும் ஒரே 60:40.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்த வேலைக்கு எந்தக் கதவு, எப்போது?

ஒன்றியக் கணக்கு

குந்தா மலை சார், நீங்கள் சொன்ன மானியத்தில் கூரை மாற்றக் கூடாது, மாற்றவும் முடியாது. அது அன்றாடச் செலவுக்கு. கட்டட வேலைக்கு வழி வேறு.

ஒன்றியப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் கடிதம் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) போக வேண்டும். ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். தொழில்நுட்ப அனுமதி, அதன் பிறகு மாவட்ட அளவில் நிர்வாக அனுமதி, பிறகு டெண்டர், பணி ஆணை. முடிந்த வேலை அளவுப் புத்தகத்தில் பதிவான பின்புதான் பணம். நிதி பெரும்பாலும் குழந்தை நேய பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்திலிருந்தோ பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலிருந்தோ வரும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பி.டி.ஓ.விடம் போய்ப் பயனில்லை. அங்கே முதன்மைக் கல்வி அலுவலர், பொதுப்பணித் துறை.

கடிதம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: 11 இலக்க யூடைஸ் எண் (பள்ளிகளின் தேசியத் தகவல் பதிவில் தரும் அடையாள எண்) இல்லை, கட்டடம் எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தில் கட்டியது என்று இல்லை, இடிக்க வேண்டியதா பழுது பார்க்க வேண்டியதா என்று இல்லை. இடிக்க வேண்டிய கட்டடம் நின்றுகொண்டிருக்கும் வரை புதுக் கட்டடத்துக்கு இடம் இல்லை என்றே எழுதுவார்கள். இடிப்புக்கான மதிப்பீட்டையும் உத்தரவையும் முதலில் வாங்கிவிடுங்கள்.

கோத்தகிரி எஸ்.எம்.சி.

இதோடு யூடைஸ் படிவத்தையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது.

யூடைஸில் ஒவ்வொரு வகுப்பறையையும் நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்துப் பதிய வேண்டும். பல தலைமையாசிரியர்கள் "நல்ல நிலை" என்று போட்டுவிடுகிறார்கள். பெரும் பழுது என்று போட்டால் "அந்த அறையில் ஏன் பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள்" என்று கேள்வி வரும் என்ற பயம். ஆனால் செப்டம்பர் 30 நிலவரப்படி பதிவாவதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுத் திட்டமும் வரவுசெலவும் தயாராகின்றன. குளிர்காலத்தில் வட்டார, மாவட்டக் கணக்கு, அதன் பிறகு மாநிலம், பிறகு தில்லியில் திட்ட ஒப்புதல் குழு. செப்டம்பரில் "நல்ல நிலை" என்று பதிந்த கட்டடத்துக்கு ஜனவரியில் பழுது நிதி கேட்டால், இணையத்தில் இருப்பதையே காட்டி மறுப்பார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு (எஸ்.எம்.சி.) சட்டப்படியே இதில் கை உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 குழுவை அமைக்கச் சொல்கிறது: நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிரிவு 22 அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அது வெறும் விருப்பப் பட்டியல் ஆகிவிடக் கூடாது. "பிரிவு 22இன்படி நிறைவேற்றிய தீர்மானம்" என்று எண்ணும் தேதியும் போட்டு அனுப்பினால், மானியங்களுக்கு அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024 மறுகட்டமைப்புக்குப் பிறகு குழுவில் 24 பேர். ஒன்றியப் பொறியாளர் பார்வையிட வரும் நாளில் அதில் நாலு பேராவது பள்ளியில் இருக்க வேண்டும்.

குன்னூர் சிவில்

கட்டட வேலையில் எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறேன்.

வகுப்பறைக்கான மாதிரி வரைபடமும் அலகுத் தொகையும் (ஓர் அறைக்கு என்று நிர்ணயித்த தொகை) சமதளத்தை மனதில் வைத்தே போட்டவை. இங்கே அறை கட்டுவதற்கு முன் சரிவை வெட்டிச் சமன் செய்ய வேண்டும், மேல் பக்கம் தடுப்புச் சுவர், கீழ்ப் பக்கம் தாங்கு சுவர், சுற்றிலும் வடிகால். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலில் மலைப்பகுதிக்குக் கூடுதல் சதவீதம் உண்டு. அது பொருளுக்கும் கூலிக்கும் சரி. ஆனால் சமவெளிப் பள்ளிக்குத் தேவையே இல்லாத சுவர் எஸ்டிமேட்டிலேயே இருக்காதே! அலகுத் தொகைக்குள் அடக்கப் பார்ப்பார்கள், ஒப்பந்தக்காரர் யாரும் டெண்டர் போட மாட்டார், மறு டெண்டர், அதற்குள் மார்ச் வந்துவிடும். வழி ஒன்றுதான். இடம் தயார் செய்வதைத் தனி எஸ்டிமேட்டாகப் போட்டு வேறு நிதியில் கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. தடுப்புச் சுவருக்கு அதைக் கேட்கலாம்.

தாங்கு சுவரில் நீர்க்கசிவுத் துளை விடாமல் பூசிவிடுவது இங்கே சகஜம். 75 மி.மீ. குழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்குச் சரளைக்கல். இல்லையென்றால் இரண்டு மழையில் மண் ஊறிச் சுவர் வயிறு தள்ளும். கூரைத் தண்ணீர் நேராக அஸ்திவாரத்தின் மேல் விழாதபடி தூம்பு வைத்துக் கீழ் வடிகாலில் இறக்க வேண்டும்.

தகரக் கூரைக்கும் இதே கவனம் வேண்டும். ஜே போல்ட்டைத் தகட்டு அலையின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை. வாஷர் வெயிலிலும் உறைபனியிலும் வெடித்துப்போகும். கூரையை மாற்றப் பணம் இல்லாத ஆண்டில் வாஷரையாவது மாற்றுங்கள், ஒழுக்கு பாதி நிற்கும். மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் 15 செ.மீ. ஏற வேண்டும். தேவாலா, அவலாஞ்சி போல் சாரல் பக்கவாட்டில் அடிக்கும் ஊர்களில் 20க்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு அலை.

கடைசியாக, காலம். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலை நடக்காது. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பரில் பணம் வந்தால் கூடலூரில் வேலை தொடங்கலாம், கோத்தகிரியில் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். உதகையில் ஜனவரி இரவு உறைநிலையைத் தொடும்; கான்கிரீட் இறுகத் தாமதமாகும், சென்ட்ரிங்கைச் சமவெளிக் கணக்கில் பிரித்தால் விரிசல்தான். ஆனால் நிதியாண்டு எல்லோருக்கும் மார்ச் 31இல்தான் முடிகிறது. மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு பணிக்கால அட்டவணை வேண்டும்.

சமவெளி நண்பர்

விவரமான பதிவுகளுக்கு நன்றி. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. 18 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, 12 பிள்ளைகளுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கூரை போடுவதைவிட, நடுவில் ஒரு நல்ல பள்ளியை வைத்து வண்டி விட்டால் வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது கிடைப்பாரே? இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பை எடுப்பதும் பிள்ளைகளுக்கு அநியாயம்தானே?

எருமாடு

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வண்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சமக்ர சிக்‌ஷாவில் போக்குவரத்துப் படி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. ஒரு குடியிருப்பில் 5 பிள்ளைகள் என்றால் மாதம் 3,000. எஸ்டேட் ரோட்டில் காலை மாலை ஜீப் ஓட்டி வர அந்தப் பணத்துக்கு யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் படி மூன்று மாதம் கழித்து வரும். டீசலுக்குக் கையிலிருந்து போட்டவர் நான்காம் மாதம் வண்டியை நிறுத்திவிடுவார். வண்டி நின்ற வாரம் பிள்ளைகள் வீட்டில். யானை நடமாடும் வழியில் ஆறு வயதுப் பிள்ளையை எந்தத் தாயும் தனியாக அனுப்ப மாட்டாள். இங்கே இடைநிற்றல் தொடங்குவது பல நேரம் இப்படித்தான்.

சட்டமும் பள்ளிகளை இணைப்பதற்குச் சாதகமாக இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மாதிரி விதிகளில் பள்ளி இருக்க வேண்டிய தூரம் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 1 கி.மீ., ஆறு முதல் எட்டுக்கு 3 கி.மீ. நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை போன்ற ஆபத்துள்ள இடங்களில் அந்தத் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. இணைப்பு வேண்டுமானால் முதலில் வண்டியைத் தலைக்கணக்கிலிருந்து கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றட்டும். வண்டி ஓராண்டு நிற்காமல் ஓடிக் காட்டட்டும். பள்ளியை மூடுவதைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

பந்தலூர் வாசகர்

எருமாடு சொன்னதோடு ஒன்று: எங்கள் பக்கம் நிலமே பெரிய தடை. கூடலூர் ஜன்ம நிலச் சட்டம் 1969, பிரிவு 17இல் வரும் நிலத்தில் (பழைய ஜன்மிகளின், குத்தகை உரிமை முடிவாகாத நிலம்) பள்ளி இருந்தால், பணம் வந்தாலும் கட்டட அனுமதியும் மின் இணைப்பும் இழுபடும். முதலில் வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணை வாங்கி நிலம் எந்த வகை என்று எழுத்தில் பெறுங்கள். எஸ்டிமேட் அதற்குப் பிறகு.

வன நிலம் என்றால் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2): பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை உள்ளிட்ட வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவெடுக்கலாம். கிராம சபைத் தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, மர எண்ணிக்கை மூன்றும் இல்லையென்றால் கோப்பு திரும்பி வரும். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகத்தவரும் வாழ்கிறார்கள். அவர்கள் குடியிருப்புகளை ஒட்டிய பள்ளிகளுக்கு இந்தப் பிரிவுதான் கை கொடுக்கும்.

ஆசிரியர் நலன்

கூரையை விடுங்கள், ஆசிரியர் பற்றி யாரும் எழுதவில்லையே.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். அதில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. பிரிவு 26 காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம், அதில் உபரி வந்தால் பணி நிரவல் (வேறு பள்ளிக்கு மாற்றுவது). அந்தத் தேதிக்கு முன்னால் எஸ்டேட் டிவிஷன் ஒன்று மூடி நாலு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டால் ஒரு பணியிடமே போகலாம்.

காலியிடத்துக்கு மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போடும் ஏற்பாட்டில் நிர்ணயித்த தொகுப்பூதியம் இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000. குன்னூரில் வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டு 12,000இல் யார் இருப்பார்? உள்ளூரில் படித்த பெண்கள் வருகிறார்கள், நன்றாகவும் சொல்லித் தருகிறார்கள், ஊதியம் தாமதமானால் அவர்களும் தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். படுக இளைஞர்களிலும் பழங்குடி இளைஞர்களிலும் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கு இதில் முன்னுரிமை கொடுத்தால் இடம் நிலைக்கும்.

கீழ்மலை (கொடைக்கானல்)

திண்டுக்கல் மாவட்டத்துக்குச் சமவெளியும் உண்டு, மலையும் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் சில ஆண்டு இருந்தவரை அதே மாவட்டத்துக்குள் கீழே இறக்கி, வேறொருவரை மேலே அனுப்ப இடமாவது இருக்கிறது. உங்கள் மாவட்டம் முழுக்க மலை. இடமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் போனால் மாவட்டத்தை விட்டே போகிறார். ஆக நீலகிரிக்கு நீங்கள் கேட்க வேண்டியது: மலைப் பணியிடத்தில் குறைந்தது மூன்று ஆண்டு, அதை முடித்தவருக்கு விரும்பிய மாவட்டத்தில் முன்னுரிமை, மாற்று ஆள் சேர்ந்த பிறகே விடுவிப்பு. கடைசி நிபந்தனை இல்லாமல் முதல் இரண்டும் பயன் தராது.

ஒன்றியக் கணக்கு

சமக்ர சிக்‌ஷா பணம் இப்போது பள்ளிக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. 2021 முதல் மாநிலத்துக்கு ஒரே ஒரு மையக் கணக்கு. பள்ளிக்குச் செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள். பணத்தை யாரும் தேங்க வைக்க முடியாது என்பது இதில் உண்மையான நன்மை. சிக்கல் வருவது மலையில்தான். பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் பணப் பட்டுவாடாத் தளத்தில் கடைக்காரர் பதிவாகியிருக்க வேண்டும், ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், அச்செடுத்த ஆணையை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் ஜனவரி கடைசியில் வரம்பு வந்தால் மார்ச் 31க்குள் முடிக்கத் திணறல்தான். செலவாகாத வரம்பு காலாவதி, அடுத்த ஆண்டு "செலவு செய்யும் திறன் இல்லை" என்று குறிப்பு. ஆகவே ஆகஸ்டிலேயே உள்ளூர்த் தச்சர், குழாய்க்காரர், எழுதுபொருள் கடை மூவரின் வங்கி விவரத்தையும் வட்டார வள மையத்தில் பதிந்து வைத்துவிடுங்கள்.

மேலிருந்தே வராத ஆண்டும் உண்டு. 2024-25க்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற மத்திய மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தம் கல்வியை மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உரிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியதிலிருந்து இந்த இழுபறிக்கு இடம் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு திட்டத்துக்கான நிபந்தனையை இன்னொரு திட்டத்தின் பணத்தோடு கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடி விழுவது 9,000 ரூபாய்ப் பள்ளிக்கு.

நகர்மன்றப் பார்வை

நகராட்சிப் பள்ளிகளுக்கு வேறு கதவு இருக்கிறது. உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் நான்கிலும் சொத்து வரியோடு கல்வி வரியும் உண்டு. அது தொடக்கக் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் இருக்க வேண்டும், பள்ளிக் கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும்தான் போக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள்: கடந்த மூன்று ஆண்டில் வசூலான கல்வி வரி எவ்வளவு, அந்த நிதியின் மார்ச் 31 இருப்பு எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு எந்த வேலைக்குச் செலவு. 30 நாளில் பதில் தர வேண்டும். இருப்பு இருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால் "நிதி இல்லை" என்ற பதில் அதோடு போயிற்று.

குந்தா மலை

ஊராட்சிப் பக்கமும் பார்த்தேன். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் (2025-26 வரைக்கானது) 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. பள்ளிக் கழிப்பறைக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் அதைக் கேட்கலாம். மீதி 40 சதவீதத்தில் சம்பளம், அலுவலகச் செலவு தவிர அரசமைப்பின் 11ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கு வைத்த 29 பொருளில் எதற்கும் செலவிடலாம். 17ஆவது பொருளே பள்ளிக் கல்வி. ஆனால் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர் கையில் போயின. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்துக்கு இந்த மானியமும் வராது. தேர்தல் தள்ளிப்போவதன் விலையைப் பள்ளியும் கொடுக்கிறது.

மாநிலத்திடம் கேட்க வேண்டியது எனக்குத் தெளிவாகிவிட்டது. பிள்ளைகள் எண்ணிக்கை எதுவானாலும் மலைப் பள்ளிக்கு அடிப்படை மானியம் 25,000. பள்ளிக்கு 15,000 கூடுதல், நூறு பள்ளி என்றாலும் ஆண்டுக்கு 15 லட்சம். முன்பு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் மத்திய நிதி வந்தது, பிறகு அது நின்றது. இப்போது மாநிலமே நடத்தும் சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கும் தடுப்புச் சுவர்களுக்கும் தனித் தலைப்பு வைக்கலாம்.

கோத்தகிரி எஸ்.எம்.சி.

நல்லது சார். இந்தக் கோரிக்கையை ஆகஸ்ட் கடைசி வெள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக்கினால் செப்டம்பர் 30க்கு முன் நாள் இருக்கிறது. தீர்மானத்தோடு நான்கு படம்: கூரையின் உட்புறம், வெளிப்புறம், சுவர் விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, பள்ளிப் பெயர்ப் பலகையோடு முழுக் கட்டடம். நகல் பி.டி.ஓ.வுக்கு ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று, வட்டார வள மையத்துக்கு ஒன்று. மூன்றிலும் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். யூடைஸ் படிவத்தில் அந்த அறை "பெரும் பழுது" என்று பதிவானதா என்பதைத் தலைமையாசிரியரிடம் அச்சு நகல் வாங்கிப் பார்த்த பிறகே குழுத் தலைவர் கையெழுத்திட வேண்டும்.